நாரைச் சின்னமும் மின்சார ரதமும்

ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரத்தில், 1900-ஆம் ஆண்டில், பாட்டரியின் பலத்தால் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட ஒரு பெரிய பிரயாணிகள் வண்டி, அதை உருவாக்கியவர்களின் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே சுமந்துகொண்டு சோதனை ஓட்டத்துக்குப் புறப்பட்டு, அந்த ஓட்டத்திலேயே தோற்றுப்போயிற்று. அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் எமிலியோ தெ லா குவாத்ரா என்னும் பீரங்கிப் படைக் கேப்டன். மின்சாரம் என்ற புதுச் சக்தியின்மீது கொண்ட மோகத்தால் தம் கைப்பொருளை முதலாகப் போட்டு, 1898-இல் மின்சார வண்டித் தொழிற்சாலை ஒன்றை அந்நகரில் தொடங்கியவர். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஜெனீவாவிலிருந்து வந்த மார்க் பிர்கிட் என்ற இளைஞரும் ஒருவர். வயது இருபத்தொன்றுதான், ஆனால் யந்திரங்களின் மனம் அறிந்தவர். மின்சார முயற்சி கைகூடாமற்போகவே அவர்கள் பெட்ரோல் எஞ்சினுக்குத் திரும்பினார்கள். அதற்குள் மூலதனம் கரைந்து, 1901-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அதை எடுத்து நடத்திய இன்னொரு கம்பெனியும் நொடித்துப்போன பிறகு, தமியான் மத்தேயு என்ற செல்வந்தர் முன்வந்து, பிர்கிட்டின் திறமையையே ஆஸ்தியாக மதித்து, 1904-இல் ஒரு ஸ்தாபனத்தை நிறுவினார். ஸ்பானியப் பணமும் சுவிஸ் மூளையும் சேர்ந்த அந்தக் கூட்டுக்கு ‘ஹிஸ்பானோ சுயிஸா’ என்று பெயர் அமைந்தது. ஸ்பானிய-சுவிஸ் என்பதுதான் அதன் பொருள்.

அதே பெயரைத் தாங்கிய கார் ஒன்று, 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிர்கிட் பிறந்த அதே ஜெனீவா நகரத்து மோட்டார் கண்காட்சியில் வந்து நின்றது. அதன் பெயர் கார்மென். தமியான் மத்தேயுவின் பேத்தியான கார்மென் மத்தேயுவின் நினைவாக, அவருடைய மகன் தலைமை வகிக்கும் ஸ்தாபனம் சூட்டிய பெயர். மொத்தமே பத்தொன்பது கார்கள்தாம் செய்வது என்று அறிவித்தார்கள். ஒரு காரின் விலை, வரி நீங்கலாகவே, 15 லட்சம் யூரோ. அதன் உருவம் 1938-ஆம் ஆண்டுக் காரொன்றின் சாயலில் அமைந்திருந்தது. அதன் உள்ளே எஞ்சின் கிடையாது. அது முழுக்க முழுக்க மின்சாரத்தால் ஓடும் கார். ஆக, 1900-இல் தோற்றுப்போன அந்தக் கேப்டனின் எண்ணம், நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அவருடைய தொழிற்சாலையின் சாம்பலிலிருந்து எழுந்த ஸ்தாபனத்தின் பெயராலேயே நிறைவேறியிருக்கிறது. நம்மில் எவரும் வாங்கப் போகாத இந்தக் காரை இந்த அத்தியாயத்தில் நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வாகன விஞ்ஞானத்தின் மூன்று பழைய கேள்விகள், அதாவது சக்தியை எப்படிச் சுமப்பது, காற்றை எப்படிக் கடப்பது, ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்பவை, இந்த ஒரே குடும்பத்தின் சரித்திரத்தில் இவ்வளவு துலக்கமாக வரிசையிட்டு நிற்பதுதான்.

முதற் கேள்வியிலேயே குவாத்ரா தோற்றார். அந்தத் தோல்வியை அளந்து பார்க்க, நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் வரும் ‘யூனிட்’ என்ற அளவே போதும். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் சக்தியே ஒரு யூனிட். அக்காலத்தில் கைக்குக் கிடைத்த சேமக்கலம், 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த ஈயப் பாட்டரியின் வம்சத்தைச் சேர்ந்தது. இன்றைக்குச் செய்யப்படும் நல்ல ஈயப் பாட்டரியிலேயே ஒரு யூனிட்டைச் சேர்த்து வைக்க ஏறத்தாழ 30 கிலோ எடை வேண்டியிருக்கிறது; அன்றைய பாட்டரிக்கு இன்னும் அதிகம் வேண்டியிருந்தது. பெட்ரோலோ ஒரு கிலோவில் ஏறக்குறைய 12 யூனிட் உஷ்ண சக்தியைப் பொதிந்து வைத்திருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கை வெப்பமாக வீணடித்து, கால் பங்கையே சக்கரத்துக்குக் கொடுத்தாலும், எடைக்கு எடை ஒப்பிடுகையில் ஈயம் அதன் அருகில்கூட வர முடியாது. மின்சார வண்டியின் வேகத்தில் குறை ஒன்றும் இருக்கவில்லை. 1899 ஏப்ரலில், பாரிசுக்கு அருகிலுள்ள அஷேரில், பெல்ஜியரான கமீய் ஜெனாட்ஸி என்பவர் பீரங்கிக் குண்டைப்போல் வடிவமைத்த மின்சார வண்டியில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, சாலை வண்டியில் 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்த முதல் மனிதர் என்ற புகழைப் பெற்றார். ஆனால் ஒரு மைல், இரண்டு மைல் சீறிப் பாய்வது வேறு. மேடு ஏறி, ஜனங்களைச் சுமந்து, நாள் முழுதும் ஊர் சுற்றுவது வேறு.

கார்மென் காரில் 80 யூனிட் கொள்ளளவுள்ள பாட்டரி இருக்கிறது. ஈயத்தில் அதைச் செய்யப் புகுந்தால் பாட்டரி மட்டுமே இரண்டு டன்னைத் தாண்டிவிடும். காரின் மொத்த எடையோ 1,690 கிலோதான். இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது லிதியம். உலோகங்களிலெல்லாம் மிகவும் லேசான அந்தத் தனிமத்தின் அயனிகள், மின்னேற்றும்போது ஒரு தட்டிலிருந்து மற்றொரு தட்டின் கார்பன் அடுக்குகளுக்கிடையே போய் ஒதுங்கி, மின்சாரம் எடுக்கும்போது திரும்பி வந்து சேர்கின்றன. போவதும் வருவதுமே அவற்றின் வேலையாகையால், ஆயிரம் தடவைகள் நடந்தாலும் தட்டுகள் அதிகம் நைந்துபோவதில்லை. இன்றைய லிதியம் பாட்டரித் தொகுப்புகள், பெட்டி, குளிர்விக்கும் குழாய்கள் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோவை ஒட்டிய எடையில் அமைகின்றன. அப்படியும் 80 யூனிட் என்பது ஒன்பது லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்திக்கு மேல் இல்லை என்பதை இங்கே நாம் மறக்கக் கூடாது. இரண்டு கைகளிலும் இரண்டு சிறிய டின்களாக ஒரு சிறுவன் தூக்கிக்கொண்டு போகக்கூடிய எரிபொருளுக்கு ஈடான சக்தியைச் சுமக்க அரை டன் சுமை. அந்தச் சக்தியைக் கொண்டு இந்தக் கார் ஒரு தடவை மின்னேற்றினால் 400 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள். இத்தனை கொஞ்சத்தில் இத்தனை தூரம் போக வேண்டுமானால், செலவாகும் ஒவ்வொரு துளிக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பெரும் பற்று எழுதுவது காற்று.

காற்றின் கதைக்குப் போகுமுன், ஹிஸ்பானோ சுயிஸாவின் பொற்காலத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். முதல் உலக யுத்தத்தில் பிர்கிட் சமைத்த எட்டு சிலிண்டர் விமான எஞ்சின், நேச நாட்டுப் போர் விமானங்களின் இருதயமாக விளங்கியது. தனித்தனிச் சிலிண்டர்களைப் போல்ட்டு போட்டு இணைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், நான்கு சிலிண்டர்களை ஒரே அலுமினிய வார்ப்பாக வார்த்து, அதனுள் எஃகுக் குழல்களைத் திருகிப் பொருத்திய அவருடைய உபாயம், வலிவையும் லேசான எடையையும் ஒருங்கே தந்தது. அப்படிப்பட்ட எஞ்சின்கள் சுமார் 50,000 உலகெங்கும் செய்யப்பட்டன. அந்த எஞ்சின் பூட்டிய விமானங்களில் பறந்து, 1917 செப்டம்பரில் வானத்திலேயே மறைந்துபோன பிரெஞ்சு வீரர் ஜார்ஜ் கினெமரின் படைப்பிரிவுக்குப் பறக்கும் நாரை அடையாளச் சின்னம். யுத்தம் முடிந்த பின், அவர் நினைவாக அந்த நாரையையே தன் கார்களின் முகப்பில் ஸ்தாபனம் பொறித்துக்கொண்டது. கழுத்தை நீட்டி, சிறகைத் தாழ்த்திப் பறக்கும் நிலையில் செதுக்கிய அந்தச் சிறு பறவை, வெறும் அலங்காரத்துக்காக வைத்ததன்று என்பதை அறிந்து பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் அழகாகத் தோன்றும். 1919-இல் வெளிவந்த எச்-6 என்ற மாதிரியின் ஆறு சிலிண்டர் எஞ்சினும் விமான எஞ்சினின் வழித்தோன்றலே.

அந்த வீரர்களின் கூட்டத்திலேயே இன்னொருவர், மதுபான வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசான ஆந்த்ரே துபொன்னே. யுத்தத்தில் விமானி; சமாதானத்தில் பந்தய ஓட்டுநர்; 1921-இல் பிரான்சின் பூலோன் நகரில் நடந்த புவாயோ கோப்பைப் பந்தயத்தில் ஹிஸ்பானோ சுயிஸாவை ஓட்டி வென்றவர். பணமும் பொழுதும் உள்ளவர்கள் பெரும்பாலோர் கார்களை வாங்குவதோடு திருப்தியடைய, இவரோ அவற்றைத் திருத்த முற்பட்டார். முன்சக்கரங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனியே மேடு பள்ளங்களை ஏற்றுக்கொள்ளும்படி இவர் அமைத்த வில் அமைப்பை அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி விலை கொடுத்து எடுத்து, 1934-ஆம் ஆண்டு ஷெவ்ரலே கார்களில் பயன்படுத்தியது. தம்முடைய எண்ணங்களையெல்லாம் ஒரே வண்டியில் உருவாக்கிக் காட்ட விரும்பிய துபொன்னே, எச்-6-பி மாதிரியின் அடிச்சட்டம் ஒன்றை எடுத்து, காற்றியக்கவியல் அறிந்த ஷான் ஆந்த்ரோ என்ற எஞ்சினியரை வரைபடம் போடச் செய்து, பாரிஸில் கார்க்கூடு கட்டும் கலையில் பேர்பெற்ற ஷாக் சவூட்ஷிக்கின் பட்டறையில் அதைக் கட்டுவித்தார். 1938-இல் முடிந்த அந்தக் காருக்கு, காலமான தம் மனைவியின் பெயரையே வைத்தார்: ஸேனியா. சவூட்ஷிக் தச்சுத் தொழிலில் பயின்று, ரஷ்யப் பேரரசிலிருந்து பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர். விமானத்தின் மூக்கைப்போல் வளைந்த முன்கண்ணாடி, மேல்நோக்கித் திறக்கும் பக்கச் சன்னல்கள், வெளியே விரியாமல் பின்னோக்கி வழுக்கிச் செல்லும் கதவுகள், உடலுக்குள்ளேயே மறைந்துபோன பின்சக்கரங்கள், கடைசியில் மீனின் வாலைப்போல் ஒடுங்கி முடியும் பின்புறம் என்று, அன்றைய சாலையில் அதைப் பார்த்தவர்கள் அதைத் தரையில் தவழும் விமானமென்றே எண்ணியிருப்பார்கள்.

ஏன் அந்த வால் அப்படி ஒடுங்க வேண்டும்? இதற்கு விடையைச் சமையலறைக் குழாயடியிலேயே கண்டுகொள்ளலாம். ஒரு பெரிய கரண்டியின் காம்பு நுனியை இரண்டு விரல்களுக்கிடையே தொளதொளப்பாகப் பிடித்து, அது தானாகத் தொங்கும்படி விட்டு, கரண்டியின் குழிந்த பக்கம் வெளியே இருக்க, புடைத்த பக்கம் குழாயிலிருந்து ஒழுகும் நீரைத் தொடும்படி மெல்ல நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் கரண்டியை விலக்கித் தள்ளும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பதோ நேர்மாறு, கரண்டி தாரைக்குள் இழுக்கப்படுகிறது, விரல் அந்த இழுப்பை உணர்கிறது. உற்றுக் கவனித்தால், நீர் புடைப்பின்மேல் ஒட்டிக்கொண்டே வழிந்து, கரண்டியின் அடிமுனையில் ஒரு பக்கமாகத் திரும்பிப் போவதைக் காணலாம். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது, கரண்டியை எடுத்து எடுத்து மறுபடியும் வைத்து, ஒரு வாளி தண்ணீர் வீணாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மெதுவாக வளையும் பரப்பை விட்டுப் பிரிய ஓட்டத்துக்கு மனம் இராது. திடீரென்று வளையும் பரப்போடு அதனால் ஒட்டிப்போக முடியாது. காற்றுக்கும் இதே குணம்தான்.

ஓடும் காரின் முன்புறத்தில் காற்று மோதி விலகுவதை நாம் எளிதில் கற்பனை செய்துகொள்கிறோம். கூர்மையான மூக்கு இருந்தால் போதும், காற்று கிழிபட்டுவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் கஷ்டம் முன்னால் இருப்பதைவிடப் பின்னால்தான் அதிகம். விலகிப்போன காற்று, காரின் பின்னே மறுபடியும் ஒன்றுசேர வேண்டும். பின்புறம் சட்டென்று முடிந்துவிட்டால், காற்றோட்டம் அதைத் தொடர முடியாமல் பிய்த்துக்கொண்டு போய்விட, அங்கே சுழல்கள் நிறைந்த, அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளம் காரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பின்புறம் சிறிது சிறிதாக ஒடுங்கினாலோ காற்று கடைசிவரை ஒட்டி வந்து, முடிவில் கூடும்போது வண்டியை முன்னோக்கிச் சற்றுத் தள்ளவும் செய்யும். இந்த இழுப்பை அளக்க விஞ்ஞானிகள் ஓர் எண்ணை வைத்திருக்கிறார்கள். அதை இழுவைக் குணகம் என்பார்கள். வழுவழுப்பான பந்து ஒன்றுக்கு அது ஏறத்தாழ 0.47, அதே பருமனுள்ள, வால் நீண்ட, ஆகாயக் கப்பல் வடிவத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். இந்த வடிவத்தை மழைத்துளி வடிவம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் விழும் மழைத்துளி சிறியதாயிருந்தால் உருண்டையாகவும், பெரியதாயிருந்தால் அடிப்பக்கம் தட்டையான பன் ரொட்டியைப்போலவும்தான் இருக்கிறது, வால் அதற்கு ஒருபோதும் இல்லை.

ஸேனியாவின் வாலும், மூடிய பின்சக்கரங்களும் இந்த நியாயத்தில் பிறந்தவை. சுழலும் சக்கரம் தன்னைச் சுற்றிலும் காற்றைக் கலக்கிக்கொண்டே போகிறது. ஒரு காரின் மொத்தக் காற்றெதிர்ப்பில் சக்கரங்களின் பங்கு சுமார் கால் பாகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கார்மென் காரை வடிவமைத்தவர்கள் ஸேனியாவிடமிருந்து எடுத்துக்கொண்டவை இவையே: நீண்டு வழியும் கூரைக் கோடு, பாதி திரையிட்ட பின்சக்கரங்கள், துளிபோல் ஒடுங்கும் பின்புறம். பழைய உருவத்தைப் புதிய வண்டிக்குப் போர்த்துவது இன்று எங்கும் காணும் பழக்கமாகிவிட்டது. அவற்றில் பல, தாத்தாவின் கோட்டைப் பேரன் மாட்டிக்கொண்டாற்போல, உருவத்துக்கும் உள்ளே இருக்கும் யந்திரத்துக்கும் சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. இங்கே அப்படியில்லை. சக்தி மலிவாய்க் கிடைத்த பெட்ரோல் யுகத்தில் காற்றை மதித்தது ஒரு துபொன்னேயின் தனி ஆர்வம். சக்தி அருமையான மின்சாரக் காருக்கோ அது ஜீவாதாரம். ஆனாலும் ரசிகனாக இருப்பதற்காக உண்மையை விட்டுவிடக் கூடாது. கார்மென் காரின் இழுவைக் குணகம் 0.325 என்று அதைச் செய்தவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இன்று சாதாரணக் குடும்பத்துக்கென்று செய்யும் சில மின்சாரக் கார்களுக்கு அது 0.21, 0.22 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. அகன்ற டயர்களும், குளிர்காற்று புகும் வாய்களும், வேகத்தில் காரைத் தரையோடு அழுத்தும் ஏற்பாடுகளும் ஒவ்வொன்றாகக் காற்றுக்குக் கப்பம் கட்ட வைக்கின்றன. வாலின் சாய்வு பன்னிரண்டு, பதினைந்து பாகைக்கு மேற்பட்டால் காற்று விட்டுப் பிரிந்துவிடும். சாய்வு குறைந்தால் வால் நீண்டுகொண்டே போய், கார் எந்தக் கொட்டகையிலும் அடங்காது. அழகுக்கும் காற்றுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் கோடு போட வேண்டியிருக்கிறது. அவர்கள் அழகின் பக்கம் சாய்ந்து போட்டிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சாய்வுக்கு என்ன விலை என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். காரின் முன்தோற்றப் பரப்பு இரண்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதை ஏறத்தாழ 300 நியூட்டன் விசையுடன் எதிர்க்கிறது. முப்பது கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பியின்மேல் தொங்கவிட்டு, அந்தக் கயிற்றால் காரைப் பின்னோக்கி இழுத்தாற்போன்றது அது. குணகம் 0.22 ஆக இருந்திருந்தால் அந்த மூட்டையில் பத்துக் கிலோ குறைந்திருக்கும். டயர்கள் சாலையில் நசுங்கி நசுங்கி உருள்வதால் ஏற்படும் தடை இன்னும் ஒரு 160, 170 நியூட்டன். இரண்டையும் வெல்ல 13 கிலோவாட் திறன் போதும். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்கு. மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓட்டினால் முப்பது கிலோ மூட்டை நூற்றிருபது கிலோவாகிவிடுகிறது. தேவைப்படும் திறன் 76 கிலோவாட்டைத் தொடுகிறது. பாட்டரி ஒரு மணி நேரத்தில் காலி. இந்தக் காரின் மோட்டார்கள் தரக்கூடிய உச்சத் திறன் 750 கிலோவாட், அதாவது ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குதிரைத் திறன். அதை முழுவதும் இடைவிடாமல் உபயோகித்தால் பாட்டரியின் 80 யூனிட்டும் ஆறரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். அவ்வளவு திறனும் அடங்கிக் கிடப்பதால்தான் கார் 400 கிலோமீட்டர் போகிறது.

பின் எதற்காக அந்தத் திறன் என்றால், நின்ற நிலையிலிருந்து எழும்புவதற்கு. பெட்ரோல் எஞ்சின் நின்றுகொண்டே பலம் காட்ட முடியாது. அது ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால்தான் அதனிடம் முறுக்குவிசை உண்டு. அதனால்தான் கிளட்ச், கியர்ப் பெட்டி என்று அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு தூதுக் கூட்டம் தேவைப்பட்டது. மின்மோட்டார் அப்படியன்று. கம்பிச் சுருள்களில் மாறி மாறிப் பாயும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிட, நடுவிலுள்ள நிரந்தரக் காந்தங்கள் அதைப் பின்தொடர்ந்து சுழல்கின்றன. அசையாமல் நிற்கும்போதே அதன் முறுக்கு உச்சத்தில் இருக்கிறது. கார்மென் காரில் இப்படிப்பட்ட மோட்டார்கள் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றுகின்றன. மூன்று விநாடிக்குள் கார் 100 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவிடுகிறது. அந்த வேகமாற்றம் புவியீர்ப்பின் முடுக்கத்துக்கு ஏறக்குறைய சமம். அதாவது மாடியிலிருந்து நழுவிய கல் கீழ்நோக்கி எவ்வளவு விரைவில் வேகம் கொள்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு விரைவில் இந்தக் கார் தரையில் வேகம் கொள்கிறது. அந்த விசை முழுவதும் உள்ளங்கை உள்ளங்கையாக இரண்டு டயர்கள் தரையைத் தொடும் இடத்தின் வழியாகத்தான் பாய வேண்டும். புறப்படும்போது காரின் பாரம் பின்னே சாய்ந்து அந்த டயர்களை அழுத்துவது இதற்குத் துணை செய்கிறது. அப்படியும் ஒரு டயர் வழுக்கத் தொடங்கினால், விநாடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் மின்சாரத்தை அடக்கிப் பிடியை மீட்டுவிடக் கட்டுப்பாட்டுக் கருவிகளால் முடிகிறது. எஞ்சினுக்கு அவ்வளவு விரைவு கைகூடுவதில்லை.

ஏன் பத்தொன்பது மட்டும் என்பதற்கும் ஒரு தொழில் நியாயம் உண்டு. எஃகுத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு, லட்சக்கணக்கில் கார் செய்தாலன்றிக் கட்டாது. இந்தக் காரின் கூடோ கார்பன் இழையால் ஆனது. பிசினில் தோய்ந்த இழைத் துணியைக் கைத்தேர்ச்சியுள்ளவர்கள் அச்சினுள் அடுக்கடுக்காகப் பதித்து, இழைகள் எந்தத் திசையில் ஓட வேண்டுமோ அந்தத் திசை பார்த்துத் திருப்பி வைத்து, அழுத்த அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள். இது தையற்காரர் வேலைக்கும் தச்சு வேலைக்கும் நடுவேயுள்ள ஒரு வேலை. துபொன்னேயின் காலத்திலும் ஸ்தாபனம் எஞ்சின் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டும் விற்க, வாங்கியவர் தமக்குப் பிடித்த பட்டறையில் கூடு கட்டிக்கொண்டார். மரச்சட்டத்தின்மேல் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்த சவூட்ஷிக்கின் ஆட்களுக்கும், இன்று துணியை நீவிப் பதிக்கும் இந்தக் கைகளுக்கும் இடையே எண்பது ஆண்டுகள் இருந்தாலும், விரல் நுனியால் வளைவைத் தடவிப் பார்த்து அறியும் அந்த ஞானம் ஒன்றுதான்.

இனி மூன்றாவது கேள்வி. 1919-இல் எச்-6 கார் பாரிஸ் கண்காட்சியில் தோன்றியபோது, அறிந்தவர்கள் வியந்தது அதன் எஞ்சினைவிட அதன் பிரேக்கைக் கண்டுதான். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைப்பதே அக்காலத்தில் அபூர்வம். கனத்த வண்டியை நிறுத்த ஓட்டுநரின் கால்பலம் போதாது. பிர்கிட் என்ன செய்தாரென்றால், கியர்ப் பெட்டியின் பக்கத்தில், வண்டியின் ஓட்டத்தோடு சேர்ந்து மெல்லச் சுழலும் ஒரு சிறு உருளையை அமைத்தார். மிதியை மிதித்தால், உராயும் பட்டை ஒன்று அந்த உருளையைக் கவ்வும். சுழலும் உருளை பட்டையைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுப்பே தண்டுகளின் வழியாக நான்கு பிரேக்குகளையும் இறுக்கிவிடும். ஓட்டுநர் கொடுப்பது ஒரு சமிக்ஞை மட்டும். மிச்ச பலத்தை வண்டியின் ஓட்டமே கொடுக்கிறது. வண்டி விரைந்து ஓடும்போது தாராளமாக உதவி, அது நின்றவுடன் தானும் ஓய்ந்துவிடும் இந்த ஏற்பாட்டின் அழகில் மனம் பறிகொடுத்தவர்களுள் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியாரும் உண்டு. அவர்கள் அதற்கு உரிமம் பெற்றுத் தங்கள் கார்களில் கையாண்டார்கள்.

ஆனால் பிர்கிட்டின் பிரேக்கும், அதற்குப் பிந்தி வந்த எல்லா உராய்வுப் பிரேக்குகளும், ஓட்டத்தில் பொதிந்திருந்த சக்தியை வெப்பமாக்கி ஊதிவிட்டன. 1,690 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதனிடம் 0.18 யூனிட் இயக்க சக்தி இருக்கிறது. நிறுத்தினால் அவ்வளவும் பிரேக்குத் தட்டுகளில் சூடாகிக் காற்றோடு போகும். மின்மோட்டார் இங்கேதான் தன் இரண்டாவது முகத்தைக் காட்டுகிறது. மின்சாரம் கொடுத்தால் சுழலும் யந்திரமே, சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். 1873-ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சியில், கிராம் என்பவர் செய்த டைனமோவை மற்றொரு டைனமோவின் மின்சாரத்தால் மோட்டாராக ஓட்டிக் காட்டியபோதே இது உலகறிய நிரூபணமாயிற்று. கார்மென் காரில் ஓட்டுநர் வேக மிதியிலிருந்து காலை எடுக்கும்போது, சக்கரங்கள் மோட்டார்களைச் சுழற்ற, மோட்டார்கள் டைனமோக்களாகி, காரைத் தணித்துக்கொண்டே பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகின்றன. திடீரென்று அழுத்தி நிறுத்தும்போது காரின் பாரம் முன்சக்கரங்களின்மேல் விழுந்துவிடுவதால், பின்சக்கரங்களில் மட்டும் மோட்டார் உள்ள இந்தக் காரில் வழக்கமான பிரேக்கே பெரும்பங்கு வேலையைச் செய்தாக வேண்டும். மெல்ல மெல்லத் தணித்துக் கொண்டுவருகிற நிதானமான ஓட்டுநருக்குத்தான் இந்த லாபம் முழுதாகக் கிட்டும். போக வர ஏற்படும் நஷ்டங்கள் போக ஐந்தில் மூன்று பங்கு தேறும் என்று வைத்துக்கொண்டால், நெடுஞ்சாலை வேகத்திலிருந்து இறங்கி ஒரு சுங்கச் சாவடியில் வந்து நிற்கும் கார், நின்ற அந்த நிற்பிலேயே, தடுப்புக் கழி உயர்ந்த பிறகு தான் ஓடப்போகும் அரை கிலோமீட்டருக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.